எடைமேடைப் பக்கத்து இரைச்சல்

அவளுக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. பேருந்தில் பக்கத்தில் நின்ற பெண்ணுக்காகப் புருஷன் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், அந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறந்தது, காற்று யார் முகத்தில் அடித்தது என்பதுவரை வீட்டில் விசாரணை நடக்கும். கல்யாணமான புதிதில் அவன் அதை அன்பு என்று நினைத்து மகிழ்ந்துபோனான். பிறகு பழகிக்கொண்டான். அதற்கும் பிறகு வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டான். இந்த ஒன்றைத் தவிர அவளிடம் குறை சொல்ல முடியாது. வேலையில் சூரப்புலி. கன்டெய்னர் தளத்தில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் ஆன்டெனா அக்கா.

துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தளத்தில் கன்டெய்னர்களை வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அவற்றைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு கிரேனின் உச்சியிலும் ஒரு ஆன்டெனா உண்டு. செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலையைக் கேட்டுத்தான், தான் எந்த வரிசையில் எந்த அடுக்குக்கு மேல் நிற்கிறோம் என்று கிரேன் தெரிந்துகொள்ளும். அவ்வளவு உயரத்திலிருந்து வருகிற அலை இங்கே வந்து சேரும்போது வெறும் முணுமுணுப்பாகத்தான் இருக்கும். கீழே எவனாவது ஒரு கோளாறான கருவியை வைத்துக்கொண்டு இரைச்சல் போட்டால் முணுமுணுப்பு அமுங்கிவிடும். கிரேன் திக்குத் தெரியாமல் அப்படியே நின்றுபோகும். அந்த இரைச்சல் கிரேன்களை அண்டாமல் பார்த்துக்கொள்வதும், மீறி வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதும் அவள் பொறுப்பு. ஆன்டெனாவுக்கு அடியில் அகலமான உலோகத் தட்டு மாட்டினால் கீழிருந்து வரும் இரைச்சல் ஓரளவு மறையும். அந்தத் தட்டுக்கு ஃபிட்டர்கள் வைத்த பேர் பாவாடை. எந்தக் கிரேனுக்குப் பாவாடை கட்டியாயிற்று, எது இன்னும் கட்டாமல் நிற்கிறது என்று அவர்கள் உரக்கப் பேசிக்கொள்ளும்போது, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

அவள் புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். உள்ளூர்க் கிடங்குகளிலிருந்து கன்டெய்னர்களை இதே தளத்துக்குத்தான் கொண்டுவருவான். ஒருநாள் சாப்பிடும்போது, எடைமேடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், சிரித்த முகமாக எடைச் சீட்டு கொடுக்கிறாள், வேலை சட்டென்று முடிகிறது என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான் சொன்னான். அதையும் சொல்லாமல் வாயில் இருந்த சோற்றை மென்றிருக்கலாம், மனுஷன்.

தளத்து வாசலைத் தாண்டியதும் லாரிகள் ஏறி நின்று எடை காட்டும் இரும்பு மேடைதான் எடைமேடை. அதன் ஓரத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. மறுநாளே அவள் முதல் வரிசைக் கிரேனின் உச்சிக்கு ஏறினாள். திருகாணியை முடுக்குகிற சாக்கில் அந்தக் கண்ணாடி அறையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். எடைமேடைக்காரி வருகிற டிரைவர்களையெல்லாம் அண்ணே என்றாள், எல்லாருக்கும் சிரித்தாள். அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. இல்லாததுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. நாத்தனாரிடம் போனில் புலம்பியபோது, அண்ணே என்கிற பெண்ணைப் போய்ச் சந்தேகப்படலாமா என்று நாத்தனார் கேட்டாள். எல்லாம் அண்ணே என்றுதான் ஆரம்பிக்கும் என்று இவள் போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் ஒரு காரியம் செய்தாள். வண்டி இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை, லாரியில் டிரைவர் இருக்கையின் பஞ்சுக்குள் சொருகிவைத்தாள். அவளுடைய போனில் லாரி ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. புள்ளி நகர்ந்தால் நிம்மதி. நின்றால் உடனே போன் போடுவாள். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அடுத்த வாக்கியத்திலேயே அந்தப் பெட்ரோல் பங்க்கில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று வந்துவிடும். அவன் முட்டாளா என்ன? எப்படித் தெரிந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. டயருக்குக் காற்றுப் பிடித்தேன், டீ குடித்தேன் என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தான். தன் தம்பியைக் காணோம் என்று இனி யாரும் போலீசுக்குப் போக வேண்டாம், வானத்தைப் பார்த்துக் கேட்டால் போதும் என்று நாத்தனார் கிண்டல் செய்தாள்.

சில வாரங்களில் புள்ளி மறைய ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று இருக்காது. பிறகு வேறெங்கோ முளைக்கும். பேட்டரியை மாற்றினாள், பயனில்லை. கண்டுபிடித்துத் தகரத்தைச் சுற்றி மூடுகிறான் என்று முடிவுகட்டினாள். புள்ளி மறைந்த பொழுதெல்லாம் எடைமேடைக்காரிக்கு வேலை இல்லாத பொழுது என்று கணக்கும் போட்டாள். பொறாமை போடுகிற கணக்கு தப்பாக வந்ததாகச் சரித்திரமே இல்லை. ராத்திரி அவன் அயர்ந்து தூங்கும்போது, இந்தத் தூக்கத்தில் யார் வருகிறாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவன் என்னை விட்டுப் போய்விடுவான் என்ற பயம் பிடித்துக்கொள்ளும். பயம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

தளத்தில் இரைச்சல் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். முதல் வரிசைக் கிரேன்கள் இருந்தாற்போலிருந்து நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். மறுபடி நிற்கும். ஒருமுறை ஒரு கன்டெய்னர் தப்பான வரிசையில் இறங்கி, அதைத் தேடி எடுப்பதற்குள் கப்பல்காரர்கள் கூச்சல் போட்டுவிட்டார்கள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இனி ஒரு கிரேன் நின்றால் மேலிடத்தில் தன் தலைதான் உருளும் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் பதறினால் கையில் இருக்கிற பேனாவைக் கடித்துத் துப்புவார்.

திசை காட்டும் ஆன்டெனா ஒன்று அவளிடம் உண்டு, மீன்முள் மாதிரி இருக்கும். அதை எந்தப் பக்கம் நீட்டும்போது காதில் மாட்டிய கருவி அதிகமாகக் கத்துகிறதோ, அந்தப் பக்கத்தில் இரைச்சல் இருக்கிறது என்று அர்த்தம். கிரேன் உச்சியில் நின்று நீட்டினாள். எடைமேடைப் பக்கம் கத்தியது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னும் உற்றுப் பார்த்தால் கண்ணாடி அறையின் கூரையில், போன் சிக்னலைக் கூட்டிக்கொடுக்கும் மலிவான பூஸ்டர் ஒன்றின் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஓர் இடத்தில் நின்று நீட்டினால் திசைதான் கிடைக்கும். வேறு இரண்டு இடங்களில் நின்றும் பார்க்க வேண்டும். பிறகு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து, இரைச்சல் போடுகிற பொருளின் மேல் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய் நின்றபிறகுதான் இதுதான் என்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அன்றைக்கு அவள் நடக்கவில்லை. நடந்தால் எடைமேடைக்காரியின் எதிரில் போய் நிற்க வேண்டும், அவள் அக்கா என்று சிரிப்பாள், பதிலுக்குச் சிரிக்க வேண்டும். செத்தாலும் அதைச் செய்ய அவளால் முடியாது. கிரேனிலிருந்து இறங்கி நேராக மேனேஜர் அறைக்குப் போய், அனுமதி இல்லாத பூஸ்டர்தான் காரணம் என்று சொல்லிவிட்டாள்.

பூஸ்டரைப் பிடுங்கினார்கள். அது தனக்கு முன்னால் இருந்தவர் மாட்டியது, தனக்கு எதுவும் தெரியாது என்று எடைமேடைக்காரி சொல்லிப் பார்த்தாள். விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனதை நம்மவள் கிரேன் உச்சியிலிருந்து பார்த்தாள். வயிறு குளிர்ந்துபோனது. இரைச்சலும் அன்றோடு நின்றது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

அதே நாளில்தான் புருஷனின் லாரி கியர்பாக்ஸ் போய்ப் பட்டறையில் படுத்தது. அதை அவள் இதோடு சேர்த்து நினைக்கவே இல்லை. அவன் வீட்டில் இருந்தான், கண்ணெதிரில் இருந்தான், அதுவே அவளுக்குப் பரமசுகம். ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டாள். எடைமேடை விஷயத்தைச் சொன்னபோது, அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, பாவம் அந்தப் பெண் என்றான். அவ்வளவு சமையலும் அவளுக்குக் கசந்துபோயிற்று.

லாரி பட்டறையிலிருந்து வந்தது. இரைச்சலும் வந்தது.

அந்தப் பெண் வீட்டில் இருக்கிறாள், பூஸ்டர் அலமாரியில் இருக்கிறது, இப்போது எங்கிருந்து வருகிறது என்று மேனேஜர் பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டார். அவளுக்கு முகம் தொங்கிப்போனது. அன்று மத்தியானம் எடைமேடைக்காரியை விசாரணைக்கு வேறு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். எடைமேடையில் இப்போது வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தால் இவளுக்கு ஒன்றுமில்லை. மீன்முள் ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

எடைமேடைக்கு அருகில் போகும்போதே ஒன்று புரிந்தது. இரைச்சல் அங்கே இல்லை. நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிறது என்றால் வண்டியில் இருக்கிறது. எல்லா லாரியும் எடைமேடையில் நின்றுதான் போகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். கருவி இழுத்த இழுப்புக்கு நடந்தாள். கன்டெய்னர் இறக்கக் காத்து நின்ற லாரிகளின் ஓரமாக ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனாள். ஒரு லாரியின் பக்கத்தில் கருவி காது கிழியக் கத்தியது. நிமிர்ந்து பார்த்தாள். பம்பரில் அவளே ஒட்டிய கண்ணாடித்தாள் பூ. அவள் புருஷனின் லாரிதான்.

கதவைத் திறந்து ஏறினாள். புருஷன் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சிகரெட் பற்றவைக்கும் துளையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருவி சொருகியிருந்தது, தலையில் குட்டியாகப் பச்சை விளக்கு. அவள் அதைப் பிடுங்கினாள். காதில் கத்திக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கியது. தூரத்தில் நின்றிருந்த கிரேன் நகர ஆரம்பித்தது.

அவன் அந்தக் கருவியையும் நகர்கிற கிரேனையும் மாறி மாறிப் பார்த்தான். நெடுஞ்சாலைக் கடையில் வாங்கியதாம். வண்டியில் யாராவது வேவுக் கருவி வைத்திருந்தால் அதன் வாயைக் கட்டிவிடும், வெளியில் ஒன்றும் ஆகாது என்றுதான் கடைக்காரன் சொன்னானாம். தளத்துக்குள் வரும்போது கழற்றிவிடுவானாம், சில தடவை மறந்துவிடுமாம். அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் கேட்க நினைத்தது அதையெல்லாம் இல்லை.

"அத மாட்டிக்கிட்டு எங்க போவீங்க?"

"பைபாஸ் தாண்டி ஒரு மரம் இருக்கு. அதுக்கடியில வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பேன்."

"யார்கூட?"

"யார்கூடயும் இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. யார்கூடயும் இல்லன்னா எதுக்கு மறைக்கணும்?"

 அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீ பார்க்காத எடத்துல கொஞ்ச நேரம் இருக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவளுக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. ஒரு பெண்ணாக இருந்தால் போய் நாலு கேள்வி கேட்டிருப்பாள், தெருவில் நின்று மானத்தை வாங்கியிருப்பாள். ஒரு மரத்தை என்ன செய்வது? எடைமேடைக்காரிமேல் வந்த எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த மரத்தின் மேல் வந்தது பாருங்கள், அதுதான் எரிச்சல். அதனடியில் அவன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதும், முகம் தளர்ந்திருப்பதும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை வீட்டில் அவள் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

இப்படிப்பட்ட கருவியோடு பிடிபடுகிற வண்டியின் டிரைவருக்கு அனுமதிச் சீட்டு நிரந்தரமாக ரத்து. வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த அந்த விதியைக் கொண்டுவந்தவள் அவள்தான். இவனுக்குச் சீட்டு போனால் இந்தத் தளத்துப் பக்கமே வர முடியாது. வேறு எங்கோ ஓட்டப் போவான். இத்தனை காலமும் நாளுக்கு ஒருமுறையாவது கிரேன் உச்சியிலிருந்து பார்க்க முடிந்தது, இனி அதுவும் இல்லை. கையில் இருப்பதைக் கடலில் வீசிவிட்டால் யாருக்குத் தெரியும்? பழி பூஸ்டர் மேலேயே இருக்கட்டும். எடைமேடைக்காரியும் ஒழிந்த மாதிரி ஆயிற்று. அவள் கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு?" என்றான் அவன்.

"இப்பவும் அவதானா உங்களுக்கு?"

"என்னால அவ வேலை போகுதும்மா." அவன் கையை நீட்டினான். "குடு. நானே போய்ச் சொல்லிடறேன்."

அவள் கொடுக்கவில்லை. அவன் இறங்கி அலுவலகத்தைப் பார்த்து நடந்தான். கருவி இல்லாமலே போய்ச் சொல்வான், சொல்லக்கூடியவன்தான். கருவாட்டைக் கவ்விய பூனையைத் துரத்துகிறவள் மாதிரி அவளும் பின்னாலேயே ஓடினாள்.

மேனேஜர் அறையில் எடைமேடைக்காரி ஏற்கெனவே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பெல்லாம் வற்றி, முகம் சின்னதாகியிருந்தது. புருஷன் உள்ளே நுழைந்ததும், இரைச்சல் தன் வண்டியிலிருந்துதான் வந்தது, அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டான். மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது. கப்பல் காத்திருந்தது, கிரேன் நின்றது, கன்டெய்னர் தொலைந்தது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, எதைத் திருடுவதற்காக வண்டியை மறைத்தாய் என்று கேட்டார்.

அவன் ஒருகணம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. "திருடல்லாம் இல்ல சார். மொதலாளி வண்டியில வேவு பாக்கற கருவி வெச்சிருக்காருன்னு தோணுச்சு. அது புடிக்கல. அதான்."

பொய்யே சொல்லாதவன் பொய் சொன்னான். அவள் வேலை செய்கிற இடத்தில் அவள் மானம் போகக் கூடாது என்று தன்னைத் திருட்டு டிரைவராக ஆக்கிக்கொண்டு நின்றான். மேனேஜர் உடனே போனை எடுத்து லாரி முதலாளியைக் கூப்பிடப் போனார். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அவன் தலையோடு போய்விடும். 

"மொதலாளி இல்ல சார்," என்றாள். "நான்தான் வெச்சேன்."

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். அவள் சட்டைப் பையிலிருந்து அவன் வாங்கிய கருவியை எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. இருக்கைப் பஞ்சுக்குள் வேவுக் கருவியைத் தான் சொருகியதையும், புள்ளி நின்றால் போன் போட்டதையும், திசை பார்த்துவிட்டு நடந்துபோய்ப் பார்க்காமல் பூஸ்டர் மேல் பழி போட்டதையும் சொன்னாள். மேனேஜர் பேனாவைக் கடிக்க மறந்துவிட்டார்.

சுவரோரத்திலிருந்து எடைமேடைக்காரி மெதுவாகக் கேட்டாள். "என் மேல எதுக்குக்கா?"

"உன்னப் பத்தி நல்லதாச் சொன்னாரு. சிரிச்ச மொகம்னு."

அந்தப் பெண் அவனையும் இவளையும் பார்த்தாள். "இந்த அண்ணனா? இவரு என் மொகத்த எங்கக்கா பார்த்தாரு? சீட்டை வாங்கறப்பகூட போனைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாரு. எப்ப அடிக்கும்னு பயந்துக்கிட்டே."



எடைமேடைக்காரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆன்டெனா அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், இவளை விட்டால் இந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதால் அதோடு போயிற்று. அவன் அனுமதிச் சீட்டை வாசலிலேயே வாங்கிக் கிழித்தார்கள். விதி விதிதான். அடுத்த வாரம் அவன் ஒரு சிமென்ட் கம்பெனியில் சேர்ந்து, எங்கெங்கோ ஓட்ட ஆரம்பித்தான். பஞ்சுக்குள் இருந்த கருவியை அவளே எடுத்துவிட்டிருந்தாள். போனில் இப்போது புள்ளி கிடையாது. கிரேன் உச்சியில் வேலை செய்யும்போது கை தானாகப் போனை எடுக்கும், கண் வெறும் வரைபடத்தைப் பார்க்கும், கை திரும்ப வைக்கும். பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. முன்பு புள்ளி இருந்த இடத்தில் எரிந்தது, இப்போது ஊர் முழுக்க எரிந்தது.

ஒருநாள் அவன் வர வேண்டிய பொழுதுக்கு வரவில்லை. விளக்கு வைத்து, சாப்பாடு ஆறிப்போனபிறகு வந்தான். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள், பரிமாறினாள், எதிரில் உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான். கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்த முகம், கேள்வி வராமல் தடுமாறியது.

"ஏன் லேட்டுன்னு கேக்கலையா?"

"கேக்கணும்னு வயிறு எரியுது. கேக்க மாட்டேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். எங்கே போயிருந்தான் என்று அவனும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல உள்ளே போய்ப் படுக்காமல், தட்டை ஒதுக்கிவிட்டு, காலை நீட்டி, அவளுக்கு எதிரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.